புதுப்பிப்பு: பிக்கப் வீட்டுக்குள் விடியற்காலையில் தண்ணீர் சொட்டியது நின்றது

பிக்கப் வண்டியின் பின்பக்கம் கூண்டு கட்டிப் படுக்கை போட்டதையும், கொடைக்கானலில் விடியற்காலை கூரைத் தகரத்திலிருந்து போர்வைமேல் தண்ணீர் சொட்டியதையும் போன மாதம் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒழுகல் இல்லை, மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த தகரத்தில் படிகிறது என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. அதற்குள் மூட்டெல்லாம் சிலிகான் பூசி ஒரு டியூப்பை வீணாக்கியிருந்தேன். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும் எடுபடவில்லை. அப்புறம் அவர் சொன்னபடி, ஏசி டக்ட்டுக்கு (குளிர்காற்றுக் குழாய்க்கு) ஒட்டும் நைட்ரைல் ஃபோமை, அதாவது ரப்பர் நுரைத் தாளை, 10 மி.மீ. கனத்தில், தகரத்தின் உட்பக்கம் இடைவெளியில்லாமல் ஒட்டினேன். எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்தே வைத்தேன். சமையலையும் வெளியே மாற்றிவிட்டேன். கேஸ் எரிந்தாலே நீராவி வரும். ஊட்டியில் மூன்று இரவு தங்கினோம், போர்வை நனையவில்லை.

எதிர்பாராதது ஒன்று: மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் சொதசொத, பிளைவுட்டில் கறுப்புப் பூசணம். பலகையை எடுத்துவிட்டு, இரண்டு அங்குல இடைவெளியில் ரீப்பர் கட்டைகள் அடித்தேன். இப்போது காய்ந்தே இருக்கிறது. ஃபோம் மூடாத ஒரு போல்ட் தலையில் மட்டும் இன்னும் முத்து முத்தாக நீர் கோக்கிறது.