சித்திரை வெயிலுக்குப் பழச் சலாது: எண்ணெயும் தேசிக்காயுமா, எருமைத் தயிரா?

கல்லடிக்காரி
சித்திரை வருசப் பிறப்புக்கு வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். பலகாரமும் சோறு கறியும் சாப்பிட்டு, மத்தியான வெக்கையில் வேர்த்து ஒழுக இருக்கும்போது கஸ்டர்ட்டும் ஐஸ்கிறீமும் ஊற்றிய புரூட் சலட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. லண்டனில் இருக்கும் அக்கா அங்கே ஏப்ரலில் செய்வதைச் சொன்னா: சலாது இலை, ஸ்ட்ரோபெரி, மேலே ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் அடித்து ஊற்றுவது. அவ்வளவுதான் வேலை.

அதையே இங்கே கிடைப்பதை வைத்துச் செய்யலாம் என்கிறேன். வத்தகப்பழம், செங்காய் மாங்காய், வெள்ளரிப்பிஞ்சு, ஒரு பிடி வல்லாரை. மேலே விடுவதற்குத் தேசிக்காய்ப்புளி 1 பங்கு, எண்ணெய் 2 பங்கு, உப்பு, மிளகுத்தூள், துளி தேன். மூடி இறுக்கமான போத்தலில் போட்டுக் குலுக்கினால் வெளிறித் தடித்து வரும். அந்த நேரத்தில் ஊற்றிவிட வேண்டும், வைத்தால் எண்ணெய் மேலே பிரிந்துவிடும். அம்மா வேண்டாம் என்கிறா. உங்கள் கருத்து என்ன?

படுவான்கரையான்
அம்மா சொல்வதுதான் சரி. பழத்தில் எண்ணெயா? மட்டக்களப்பில் இருந்துகொண்டு எருமைத் தயிரை விட்டுவிட்டு எண்ணெய்ப் போத்தலைத் தேடுகிறாய் தங்கச்சி. எருமைப் பாலில் கொழுப்பு 7, 8 வீதம் இருக்கும், பசுப்பாலில் அதில் பாதிதான். சட்டியைச் சரித்தாலும் நம்முடைய தயிர் அசையாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் இரண்டு அகப்பை எடுத்து, காட்டுத்தேன் விட்டுக் கலந்து பழத்தின் மேல் ஊற்று. புளிப்பு, இனிப்பு, கொழுப்பு எல்லாம் அதிலேயே இருக்கிறது. வேறு எதுவும் தேவையில்லை.

அக்கரைப்பற்றுக் காக்கா
எனக்கு இரண்டுமே வேண்டாம். நோன்பு திறக்கும்போது வத்தகப்பழத்தை வெட்டித் தட்டில் வைத்தால் அது தானாகவே முடிகிறது. அதற்கு மேல் ஏன் எதையும் ஊற்ற வேண்டும்? மாங்காய் என்றால் உப்பும் மிளகாய்த்தூளும். பழத்தின் ருசி பழத்தில் இருக்கிறது, ஊற்றுவதில் இல்லை.

கல்லடிக்காரி
படுவான்கரை அண்ணன், தயிரை நான் குறை சொல்லவில்லை. வாழைப்பழத்துக்கும் பழுத்த மாம்பழத்துக்கும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் வத்தகப்பழத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். தயிரோடு கலந்து கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், தயிர் இளகி அடியில் இளஞ்சிவப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும். யாராவது அன்னாசியையும் வெட்டிப் போட்டால் இன்னும் மோசம். அவிக்காத அன்னாசியில் இருக்கும் நொதியம் பால்புரதத்தை உடைப்பதால் தயிர் கசக்கத் தொடங்கும். ஆட்கள் வருகிற வீட்டில் முதலே செய்து வைக்க முடியாத சாமான் அது.

காக்கா, மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் போடுகிறீர்கள்தானே. அதோடு தேசிக்காய்ப்புளியும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்ததைத்தான் நான் சொல்கிறேன். எண்ணெய் இல்லாவிட்டால் உப்பும் மிளகும் பழத்தில் நிற்காமல் அடியில் போய்விடும்.

காரைதீவு வாசகி
எந்த எண்ணெய் என்று ஒருவரும் கேட்கவில்லையே. நம் வீடுகளில் இருப்பது தேங்காயெண்ணெய். அது ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். பிரிட்ஜில் இருந்து எடுத்த பழத்தின் மேல் ஊற்றினால் வெள்ளை வெள்ளையாக மணிபோல் உறைந்து, வாயில் மெழுகு மாதிரிப் படியும். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் அதன் வாசம் வல்லாரையையும் மாங்காயையும் அமுக்கிவிடும். ஒலிவ் எண்ணெயோ விலை. ஆக இந்தச் சலாது இங்கே சரிவராது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கல்லடிக்காரி
பழத்தைப் பிரிட்ஜில் வைக்காவிட்டால் போயிற்று அக்கா. முழு வத்தகப்பழத்தை ஈரச்சாக்கால் சுற்றி நிழலில் வைத்தால் குடிக்கிற தண்ணீர் அளவு குளிர்ச்சி வரும். சித்திரையில் நம் அடுப்படிச் சூட்டில் தேங்காயெண்ணெய் ஒருநாளும் உறையாது. இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது, ஒரு பெரிய சட்டிக்கு அது காணும்.

களுவாஞ்சிக்குடி மகள்
எங்கள் அப்பாவுக்குச் சீனி வருத்தம். தேன், கஸ்டர்ட், ஐஸ்கிறீம் என்று வந்தால் அவர் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் முடியும். தேசிக்காயும் உப்பும் மிளகும் என்றால் அளவோடு அவரும் எங்களோடு இருந்து சாப்பிடுவார். அந்தத் துளி தேனையும் விட்டுவிடுங்கள் அக்கா. இதற்காகவே நான் உங்கள் பக்கம்.

படுவான்கரையான்
சரி, பழத்துக்கு வருவோம். வெயில் காலத்தில் கல்முனை வீதியால் தெற்கே போனால் ஓரமெல்லாம் வெள்ளரிப்பழம். நம் மண்ணின் பழம் என்றால் அதுதான் முதல், அதை ஏன் உன் பட்டியலில் காணவில்லை? தோல் தானாக வெடித்து, உள்ளே வெண்மஞ்சளாக மாவு மாவாக உதிரும். கத்தியே வேண்டாம், கையால் பிட்டுச் சீனி தூவித் தின்னலாம். லண்டன்காரர் செய்வதைப் பார்த்துச் செய்யும்போது இப்படித்தான் நம் பழம் விடுபட்டுப் போகும்.

கல்லடிக்காரி
விடுபடவில்லை அண்ணன், வேண்டுமென்றுதான் சேர்க்கவில்லை. நீங்களே சொன்னீர்கள், அது மாவாக உதிரும். அதில் தேசிக்காயும் உப்பும் பட்டால் கூழ்தான். வெள்ளரிப்பழத்தைத் தனியே சீனியோடு வையுங்கள், அதற்கு நானும் கைநீட்டுவேன். சலாதுக்குக் கடிபடுகிற பழம் வேண்டும், அதனால்தான் பழுத்த மாம்பழம் இல்லாமல் செங்காய். வெளியே பச்சை, வெட்டினால் கொட்டையைச் சுற்றி மட்டும் மஞ்சள் பிடித்திருக்கும், அந்தப் பருவம்.

அக்கா செய்வதை நான் அப்படியே செய்யவும் இல்லை. அவர்களுக்கு ஏப்ரலில் குளிர் விட்டு இளம் இலை வருகிற காலம், நமக்கு மழை விட்டு வெக்கை ஏறுகிற காலம். ஸ்ட்ரோபெரியும் சலாது இலையும் நுவரெலியாவில் இருந்து இறங்கி வருவதற்குள் ஒன்று நசிந்துவிடும், மற்றது வாடிவிடும். எண்ணெய் பட்டால் சலாது இலை இன்னும் கெதியாய்ச் சோரும். வல்லாரை தாங்கும். ஆனால் அது ஈர நிலத்தில் வளர்வது, மண் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசி, உதறிக் காயவிட்டுத்தான் அரிய வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் இலையில் ஒட்டாது.

அக்கரைப்பற்றுக் காக்கா
உப்பை எப்போது போடுவீர்கள்? வத்தகப்பழத்தில் உப்புத் தூவி வைத்தால் ஊறித் தண்ணீர் விட்டுவிடும், கண்டிருக்கிறேன்.

கல்லடிக்காரி
பழத்தில் நேரே தூவுவதில்லை காக்கா, போத்தலுக்குள் தேசிக்காய்ப்புளியில்தான் முதலில் உப்பைக் கரைப்பது. எண்ணெயில் உப்புக் கரையாது. எல்லாரும் மேசைக்கு வந்து இருந்தபின் குலுக்கி ஊற்றி, இரண்டு தரம் மட்டும் புரட்டி, உடனே பரிமாற வேண்டும்.

படுவான்கரையான்
எண்ணெய் எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை. வாழைப்பழத்துக்குத் தயிர் என்று நீயே எழுதிவிட்டாய், அந்தச் சட்டியும் மேசையில் இருக்கட்டும்.

அக்கரைப்பற்றுக் காக்கா
கொஞ்சம் மிளகாய்த்தூளும்.