ஸ்கிரப்பருக்குச் சொல்: கழுவியா, நீக்கியா, பிடிப்பானா?

வணக்கம்.
அனல்மின் நிலையச் சூழல் கையேட்டுக்கு 'ஸ்கிரப்பர்' (நிலக்கரி எரிந்து வரும் வளியிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிரிக்கும் கருவி), 'எஃப்ஜிடி' (அப்படிப் பிரிக்கும் முறை) இரண்டுக்கும் சொல் வேண்டும். வரைவில் 'தேய்ப்பான்', 'புகைக் கந்தகக் கழுவி' என்று இருக்கிறது. முதலாவதைக் கேட்டால் தரை தேய்க்கும் பிரஷ்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டாவது தேறுமா?
– க.

---

> புகைக் கந்தகக் கழுவி

தேறாது. 'புகை'யிலேயே தடுக்கிறது. உலையிலிருந்து வரும் வளி, காற்றுச் சூடேற்றியையும் சாம்பல் பிடிக்கும் இஎஸ்பியையும் கடந்த பிறகுதான் ஸ்கிரப்பர் கோபுரத்துக்கு வருகிறது. அதற்குள் சாம்பலில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடும். மிச்சம் கண்ணுக்குத் தெரியாத வளி. பிறகு புகைபோக்கியில் வெள்ளையாகத் தெரிவது நீராவி குளிர்ந்து உண்டான திவலை. அதைப் புகை என்று ஊரார் புகார் சொல்வதை நம் சொல்லும் வளர்க்க வேண்டாம். 'உலைவளி' என்றால், எரிபொருளாகப் பயன்படும் ஊதுலை வளியோடு குழம்பும். 'கழிவளி' போதும்.

'கழுவி'யும் சிக்கல்தான். நிலக்கரி கழுவுதல் என்று வேறொரு வேலை இருக்கிறது. அங்கே கல்லும் மண்ணும் போகும், பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமமாக உள்ள கந்தகத்தில் ஒரு பகுதியும் போகும். கரியோடு வேதிப்பிணைப்பில் உள்ள கந்தகம் அசையாது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், கரியைக் கழுவிவிட்டோமே, கோபுரம் எதற்கு என்று கேட்பார்கள்.

'நீக்கி'யும் எனக்கு உடன்பாடில்லை. எதுவும் நீங்குவதில்லை, இடம் மாறுகிறது. 90 சதவீதம் 44 மைக்ரான் சல்லடையில் இறங்கும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லை அரைத்து, நீரில் கலக்கிய கூழை மேலிருந்து தெளிக்கிறோம். கீழிருந்து ஏறும் வளியிலுள்ள கந்தக டை ஆக்சைடு அதில் கரைந்து கால்சியம் சல்ஃபைட் ஆகிறது. அடித்தொட்டியில் காற்றை ஊதினால் ஜிப்சம். 64 கிலோ கந்தக டை ஆக்சைடுக்கு 100 கிலோ கல், 172 கிலோ ஜிப்சம். கூடவே 44 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும். மணிக்கு 300 டன் நிலக்கரி, அதில் 0.5 சதவீதம் கந்தகம் என்று வைத்துக்கொண்டால், 3 டன் வாயுவைப் பிடிக்க ஏறத்தாழ 4.7 டன் கல் வேண்டும். 8 டன் ஜிப்சம் குவியும். அந்தக் குவியலை 'நீக்கி' மறைத்துவிடுகிறது. 'பிடிப்பான்' மறைக்காது.

இன்னொன்று. கூழின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 5க்கும் 6க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏறினால் கல் கரையாமல் ஜிப்சத்தில் தங்கும். இறங்கினால் வாயு பிடிபடாது. இஎஸ்பி சரியாக வேலை செய்யாதபோது சாம்பலின் அலுமினியமும் வளியின் ஃபுளோரைடும் சேர்ந்து கல்துகள் மேல் படலமாகிவிடும். அப்புறம் எவ்வளவு கல் கொட்டினாலும் பிஎச் ஏறாது. வரைவில் இதைக் 'குருடாதல்' என்று போட்டிருக்கிறீர்கள், ஐயா. உழவர் சொல் இருக்கிறதே: பொருக்குக் கட்டுதல்.
– ம.

---

பொருக்கு அருமை. ஆனால் வளியோடு போகும் நீர்த்துளியை நிறுத்தும் திவலைத் தடுப்பியின் தகடுகளில் அடைக்கும் சல்ஃபைட், சல்ஃபேட் படிவையும் அதே சொல்லால் சொல்லாதீர்கள். அது காற்று ஊதல் குறைந்து ஆக்சிஜனேற்றம் பாதியில் நிற்பதால் வருவது. அதற்குப் 'படிவு' போதும். காரணம் வேறு, மருந்தும் வேறு.

பிடிப்பானுக்கே என் வாக்கு. கழுவி பொருந்தும் இடமும் உண்டு: மும்பை டிராம்பேயில் 1988இல் வந்தது கடல்நீர் முறை. கல்லே கிடையாது, கடல்நீரின் பைகார்பனேட்டே அமிலத்தை ஈடுகட்டும். கடலில் விடுமுன் காற்றூட்டி பிஎச்சையும் கரைந்த ஆக்சிஜனையும் மீட்க வேண்டும். லண்டன் பேட்டர்சீயில் 1930களிலேயே தேம்ஸ் நீரால் கழுவினார்கள். வானத்துக்குப் போக வேண்டியது ஆற்றுக்குப் போனது. அரையுலர் முறையிலோ சுண்ணாம்புப்பால் தெளித்த உடனே நீர் வற்றிப் பொடிதான் மிஞ்சும். அங்கே என்ன கழுவல்?

நான் முன்பு சொன்ன 'கழுகோபுரம்' வாபஸ். எல்லோரும் 'கழுகு' என்றே படிக்கிறார்கள்.

அட்டவணையில் கந்தக டை ஆக்சைடுக்கான 2015ஆம் ஆண்டு வரம்புகளை (2016 வரை நிறுவியவற்றில் 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுக்கு 600, மற்றதற்கு 200, 2017 முதல் நிறுவியவற்றுக்கு 100 மில்லிகிராம்) 'சாதாரண கனமீட்டருக்கு' என்று எழுதியிருக்கிறது. அது குறிப்பிட்ட வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் கணக்கிட்ட கனமீட்டர். 'இயல்புநிலைக் கனமீட்டர்' என்று திருத்துங்கள். 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு எஃப்ஜிடி கட்டாயத்திலிருந்து விலக்கு தரப்பட்டதையும் அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும்.
– ச.

---

சரி. எஃப்ஜிடி: கழிவளிக் கந்தகப் பிடிப்பு. ஸ்கிரப்பர்: கந்தகப் பிடிப்பான், முன்னால் சுண்ணக்கூழ், கடல்நீர், அரையுலர் என்று அடைமொழி. தெளிப்பு நடக்கும் பாத்திரம்: உறிஞ்சு கோபுரம். இதே வரிசையில், கழிவளியின் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆருக்கு 'நைட்ரஜன் பிடிப்பான்' என்று போட்டுவிடலாமா?
– க.

---

வேண்டாம், ஐயா. அங்கே பிடிப்பே இல்லை. அம்மோனியாவைச் செலுத்தி, வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறோம். அள்ளுவதற்கு எதுவும் மிஞ்சாது. 'நீக்கி'யை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.
– ம.