குளிசையும் தேத்தண்ணியும்

வீட்டுக் குழு
மாலை 6.50

நான்: கிளினிக் போய் வந்தேன். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8 என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள், போன மாதம் 10.4. குளிசை ஒழுங்காகப் போடுகிறாயா என்று மிட்வைஃப் மிஸ் இரண்டு தடவை கேட்டார். ஒரு நாள் கூட விடவில்லை, சத்தியமாக. அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பெரியம்மா: அழாதே பிள்ளை. பீட்ரூட் சாப்பிடு, ஈரல் வாங்கி வதக்கிக் கொடுக்கச் சொல்லு. இரத்தம் ஊறிவிடும்.

அம்மா: அஞ்சு மாச வயிற்றோடு மலை ஏறி இறங்கித் தேயிலைக் கொழுந்து எடுத்தால் உடம்பில் என்னதான் தங்கும்.

மதினி: இரும்புக் குளிசையை எத்தனை மணிக்குப் போடுகிறாய், எதோடு?

நான்: இரவு சாப்பிட்டதும் மதினி. மாமி தேத்தண்ணி ஊற்றி வைப்பார், அதோடு. வெறும் தண்ணீரில் போட்டால் குமட்டுகிறது.

மதினி: அதுதான் விஷயம். கொழுந்து எடுத்த கையில் கறை பிடித்தால் சவர்க்காரம் போட்டாலும் போகிறதா? தேயிலையில் இருக்கிற அந்தத் துவர்ப்புத்தான் குளிசையில் இருக்கிற இரும்பையும் பிடித்துக்கொள்கிறது. உடம்பில் சேர்வது கொஞ்சம், மிச்சம் வெளியே போய்விடும். பருப்பில், கீரையில் இருக்கிற இரும்புக்கும் இதே கதிதான். என் வார்டில் எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான், ஒழுங்காகக் குளிசை போட்டும் ஏன் ஏறவில்லை என்று பயந்துபோய் வருவார்கள், ஒருவரும் தேத்தண்ணியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அண்ணன்: தோட்டத்தில் பிறந்தவளைத் தேத்தண்ணி குடிக்காதே என்கிறாயா?

மதினி: குடிக்கட்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்து. காலையில் ஆறரைக்கு ரொட்டி சாப்பிட்டால் பத்து மணித் தேத்தண்ணியால் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்கு மூன்று கோப்பையோடு நிறுத்தினால் போதும், கர்ப்பத்தில் கஃபீன் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரும்பைப் படுக்கப் போகும்போது போடு, கிளினிக்கில் கொடுத்த விட்டமின் சி குளிசையும் கூட, தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு. கல்சியத்தைக் காலையில் போடு, இரண்டையும் சேர்த்துப் போட்டால் கல்சியம் இரும்பைத் தடுக்கும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, அது இரும்பால்தான்.

மாமி: எனக்குத் தெரியாமல் போச்சே. பிள்ளைக்குச் சூடாக இருக்கட்டும் என்றுதான் ஊற்றிக் கொடுத்தேன்.

நான்: மாமி, உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நான்தான் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இரவு 7.35

அவர் (என் கணவர்): மதினி, ஒரு குளிசையை அம்மியில் நுணுக்கி அரைக் கோப்பை சாயத் தேத்தண்ணியில் போட்டுக் கலக்கிப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் இருந்த தேத்தண்ணி பேனா மை மாதிரிக் கறுத்துவிட்டது. என் அம்மா கோப்பையை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் வெளியில் ஊற்றினார். இது அவள் வயிற்றுக்குள்தானே இத்தனை நாளும் நடந்திருக்கிறது.

மதினி: ஆமாம், இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுக்கும், அந்தக் காலத்தில் மை செய்ததே அப்படித்தான். இனிமேல் குளிசையை வீணாக்காதீர்கள் தம்பி.

பெரியம்மா: சரி, ஈரலுக்கு என்ன சொல்கிறாய்?

மதினி: ஈரலில் விட்டமின் ஏ மிதமிஞ்சி இருக்கிறது பெரியம்மா, அதிகமானால் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது. வேண்டாம். பீட்ரூட் நிறம்தான் சிவப்பு, இரும்பு அதில் குறைவு. நெத்தலி, முட்டை, கடலை, கோழி, பயறு. பருப்புக்கு மேலே தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது.

பெரியம்மா: பப்பாசி?

மதினி: நன்றாகப் பழுத்தது சாப்பிடலாம். பால் வடிகிற காய்தான் வேண்டாம்.

அம்மா: கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற திரிபோஷ சத்துமா கிடைக்கிறதா பிள்ளை?

நான்: கிடைக்கிறது. தேங்காய்ப்பூ, சீனி போட்டு உருட்டுவோம், கொழுந்தன் பிள்ளைகள் சுற்றி நின்றால் கொடுக்காமல் எப்படிச் சாப்பிடுவது? எனக்கு ஒரு உருண்டை மிஞ்சும்.

மதினி: அது உனக்கும் வயிற்றில் இருக்கிறதுக்கும் கொடுத்தது. மாமி, பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது செய்து கொடுங்கள், இவளுடைய பக்கெட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

மாமி: எடுத்து வைக்கிறேன் மா. என் அலுமாரியில் பூட்டியே இருக்கட்டும்.

மதினி: இன்னும் ஒன்று. பக்கத்து லயத்து வீடுகளில் மாட்டுப்பால் வாங்குகிறீர்களா? பச்சையாக வேண்டாம், பொங்கி வந்த பிறகும் கொஞ்ச நேரம் கொதிக்க விட்டுத்தான் கொடுக்க வேண்டும். பச்சைப் பாலில் லிஸ்டீரியா என்று ஒரு கிருமி இருக்கலாம், தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல் மாதிரித் தெரியும், கரு கலைந்தே போகலாம். வல்லாரைச் சம்பலுக்கு இலை இலையாகக் கழுவுங்கள், கரட்டில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. அந்த மண்ணில் பூனை மலம் கலந்திருந்தால் அதிலும் பிள்ளையைத் தாக்கும் கிருமி உண்டு. பூனை அசிங்கத்தை அள்ளுவது இனி இவள் வேலை இல்லை.

நான்: நேற்றைய மீன் குழம்பு?

மதினி: ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில் இரவு மிஞ்சினதைக் காலையில் உனக்கு வேண்டாம். அரை அவியல் முட்டையும் வேண்டாம், மஞ்சள் கரு இறுகட்டும். மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் கொதித்து ஆறியதுதான்.

நான்: 9.8 ஏறுமா மதினி?

மதினி: ஏறும். 11க்குக் கீழே என்றால் குறைவு, 7க்குக் கீழே போனால்தான் கடுமை. நீ அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடம் தேத்தண்ணி விஷயத்தை மறைக்காமல் சொல்லு, எவ்வளவு குளிசை என்று அவர்கள்தான் முடிவு பண்ண வேண்டும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ திகதி வரைக்கும் காத்திருக்காதே.

இரவு 9.40

நான்: இப்போது போட்டேன். தேசிக்காய்த் தண்ணீரோடு. மாமியே பிழிந்து கொண்டுவந்து தந்தார், சீனி கொஞ்சம் கூட. குமட்டவில்லை.

அவர்: நாளைக்குப் பொகவந்தலாவை டவுனுக்குப் போகிறேன். முட்டை பத்து, நெத்தலி கால் கிலோ. வேறு என்ன?

நான்: கொய்யா. காயாக இல்லாமல் பார்த்து.