கவுண்டராக்ட் என்றால் தடுப்பதா, முறிப்பதா?

காசிமேட்டிலிருந்து கேள்வி:
இதய வால்வு மாற்றியபின் அம்மா வார்ஃபரின் (ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார். வைட்டமின் கே அதைக் ‘கவுண்டராக்ட்’ செய்யும் என்று மருந்துத் தாளில் இருக்கிறது. தடுக்கும் என்று அர்த்தமா? அந்த வைட்டமின் நிறைய உள்ள முருங்கைக்கீரை இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

தண்டையார்பேட்டை ஆங்கில டீச்சர்:
‘பிரிவென்ட்’தான் தடுப்பது, நடக்கும் முன்பே. இது, நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு எதிர்வேலை செய்து அதை மட்டுப்படுத்துவது. விஷமுறிவு என்கிறோமே, அந்த ‘முறி’ பக்கத்தில் வரும். அப்புறம், இதன் பின்னால் ‘அகெய்ன்ஸ்ட்’ வராது. என் பிள்ளைகள் எத்தனை முறை திருத்தினாலும் போடுவார்கள்.

ராயபுரம்:
அப்பாவுக்கும் அதே மாத்திரை. கீரையை நிறுத்தச் சொல்லவில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காசிமேடு:
சரிங்க டீச்சர், புரிந்தது. ராயபுரத்து அண்ணே, அளவை டாக்டரிடம் கேட்டுவிட்டு அம்மாவுக்குத் தனிக் கிண்ணம் வைக்கிறேன்.