வேலூருக்கு 20 வருஷச் சாலைத் திட்டம்: கணக்கு எங்கே தப்புது?

வேலூரின் 20 வருஷச் சாலைத் திட்டத்துக்கு வண்டி எண்ணுவதிலும் நிலம் ஒதுக்குவதிலும் எங்கே தப்பு நடக்குதுன்னு ஊரின் நான்கு பகுதிகளிலிருந்து ஒவ்வொருத்தர் சொல்றாங்க.

சத்துவாச்சாரியிலிருந்து:

வண்டி, பயண எண்ணிக்கை எடுக்கிறவங்க முதலில் பாலாற்றுக்குப் போகணும். வடக்கே காட்பாடி, விருதம்பட்டு. தெற்கே கோட்டை, தோட்டப்பாளையம், சத்துவாச்சாரி. கரை மாறணும்னா பாலம் ஏறித்தான் ஆகணும், சந்து வழி கிடையாது. அதனால் மொத்த சர்வேயையும் சோதிக்கிற தராசு பாலம்தான். வீடு வீடாகக் கேட்ட சர்வேயில் ஆற்றைக் கடக்கும் பயணம் எத்தனை வருதுன்னு கூட்டுங்க. பாலத்தில் நின்று எண்ணினதோடு ஒப்பிடுங்க. பெரிய வித்தியாசம் வந்தால் சர்வேயில் ஓட்டை இருக்குன்னு அர்த்தம்.

இந்த ஊரில் அந்த ஓட்டை எங்கேன்னு தேட வேண்டியதே இல்லை. வீட்டு சர்வேக்கு மாதிரி எடுப்பது வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, வீட்டு வரிப் பதிவேடு இவற்றிலிருந்து. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கும் வங்காளத்து, அஸ்ஸாம் குடும்பங்கள் இந்த மூன்றிலும் இல்லை. வி.ஐ.டி. பல்கலைக்கழக ஹாஸ்டல் பிள்ளைகளும் இல்லை. ஆனால் தெருவில் நடப்பது அவங்கதான், காட்பாடி ஜங்ஷனுக்கு ஆட்டோ பிடிப்பதும் அவங்கதான். லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்து பத்து அறைக்கு ஒரு அறை என்று கேட்டாலே போதும்: எந்த ஸ்டேஷனில் இறங்கினீங்க, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறீங்க, ஒரு நாளைக்கு எத்தனை முறை, என்ன செலவு. வங்காளி, இந்தி தெரிந்த ஆள் ஒருத்தர் கட்டாயம் வேணும்.

தேதியிலும் கவனம் வேணும். பௌர்ணமியை ஒட்டின நாட்களில் திருவண்ணாமலை போகும் தேசிய நெடுஞ்சாலை 38-ல் எண்ணினால் கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிடும். ஆடிக் கிருத்திகையும் அப்படித்தான். அந்த நாட்களைத் தனியாக எண்ணி தனியாக வையுங்க, சராசரியில் கலக்காதீங்க. 2022-க்கு முந்தின எண்ணிக்கையை அப்படியே நம்பவும் கூடாது. புதிய பஸ் ஸ்டாண்டைத் திரும்பக் கட்டித் திறந்தது அந்த வருஷம். சி.எம்.சி. ராணிப்பேட்டை வளாகம் திறந்ததும் அந்த வருஷம்தான்.

காட்பாடியிலிருந்து:

சத்துவாச்சாரி அண்ணன் சொன்ன மாதிரியே சரியாக எண்ணிட்டு, பெருக்கும்போது கோட்டை விடுறவங்க நிறைய. ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம்னு மாற்ற இந்தியச் சாலைக் காங்கிரஸின் 106-ஆம் எண் வழிகாட்டி இருக்கு, 1990-ல் வந்தது. அதன் அட்டவணையில் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு பத்தியில் இரண்டு எண். மொத்த ஓட்டத்தில் அந்த வகை 5 சதவீதம் இருந்தால் ஒன்று, 10 சதவீதமும் அதற்கு மேலும் போனால் இன்னொன்று. பைக்குக்கு 0.5, 0.75. ஆட்டோவுக்கு 1.2, 2.0. பஸ், லாரிக்கு 2.2, 3.7.

கணக்குக்காக ஒரு உச்ச மணி நேரத்தை எடுத்துக்குவோம்: பைக் 2,400, ஆட்டோ 400, கார் 400, பஸ்ஸும் லாரியும் 80. பைக் எழுபது சதவீதத்துக்கு மேல், ஆட்டோ பன்னிரண்டு. அப்போ 1,800 + 800 + 400 + 176, மொத்தம் 3,176. முதல் பத்தி எண்ணையே எல்லாத்துக்கும் போட்டால் 2,256-தான் வரும். நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிப் பிரதான சாலைக்கு அதே வழிகாட்டி தரும் அளவு மணிக்கு 3,600 கார். வருஷம் 5 சதவீத வளர்ச்சி வைத்தால், சரியான கணக்கில் மூன்று வருஷத்துக்குள் சாலை நிரம்பிடும். தப்பான கணக்கில் ஒன்பதரை வருஷம் தாங்கும். அதே சாலை, அதே வண்டி! பைக்கும் ஷேர் ஆட்டோவும் நிறைந்த நம்ம ஊருக்கு இந்த ஒரு பத்தி மாறுவதுதான் உயிர்நாடி. அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் இந்தக் கணக்கு இருக்கும் இணைப்பைத்தான் புரட்டிப் பார்க்கணும்.

இன்னொன்று, காலை 6 முதல் இரவு 10 வரை மட்டும் எண்ணினால் ராத்திரி மண்டிக்கு வரும் சரக்கு லாரி விட்டுப்போகும். கிரீன் சர்க்கிள் மாதிரி நெடுஞ்சாலை சேரும் இடத்தில் 24 மணி நேரமும் எண்ணணும்.

சேண்பாக்கத்திலிருந்து:

ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் கேட்கிறவங்களுக்கு: ஒரு நாள் ரயில் எண்ணிக்கையை வண்டி அலகால் பெருக்கி 1 லட்சம் தாண்டணும், அதுதான் ரயில்வே பார்க்கும் எல்லை. இந்த ரயில்வே கணக்கில் பைக் கால் அலகு, ஆட்டோ அரை அலகு, கார் ஒன்று. நாளைக்கு 80 ரயில் ஓடும் பாதையில் 5,000 பைக் போனாலே எல்லையைத் தொட்டுடும். விழுப்புரம் பாதை மாதிரி ஒற்றை வழியில் ரயில் குறைவு. 20 ரயில்னா 20,000 பைக் வேணும். அங்கே மேம்பாலம் கேட்டு மனு எழுதுவதை விட சுரங்கப்பாதை கேட்பது நடக்கிற காரியம். ஆனால் மழைநீர் வெளியேற வழி வரைபடத்தில் இருக்கான்னு பார்த்துக் கேளுங்க.

மேம்பாலத்துக்கு எவ்வளவு நீளம் போகும்னு பலருக்கும் தெரியலை. மின்சார ரயில் பாதையில் தண்டவாள மட்டத்திலிருந்து 6.525 மீட்டர் உயரம் விடணும், உத்தரம் சேர்த்தால் சாலை மட்டம் சுமார் எட்டரை மீட்டர். 30-க்கு 1 சரிவில் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் 255 மீட்டர். அந்த நீளம் முழுக்க இருபுறமும் ஐந்தரை மீட்டர் சர்வீஸ் ரோடு, ஒன்றரை மீட்டர் கால்வாய். பாலம் 12 மீட்டர்னு வைத்தால் மொத்த அகலம் 26 மீட்டர் வரும். இன்றைக்குக் காலியாக இருக்கும் நிலத்தில் இதைக் கோடு போட்டு வைக்கலைன்னா, அப்புறம் கடையை இடிக்காமல் கட்ட முடியாது. 2022-ல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடினப்போ ஊர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மாற்று வழி இல்லாத ஊருக்கு ஒரு பாலம் போதாது.

அரியூரிலிருந்து:

கோடு போட்டு வைப்பது மட்டும் போதாதுங்க. 1971-ஆம் வருஷ நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவைப் படிங்க. திட்டத்தில் சாலைக்குன்னு ஒதுக்கின நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பு மூன்று வருஷத்துக்குள் வரலைன்னா, நிலம் விடுபட்டதாகவே கருதப்படும். இருபது வருஷத் திட்டம், மூன்று வருஷத்தில் கோடு அழிஞ்சிடும். அப்புறம் அதே புல எண்ணில் மனை போட்டு விற்க அந்தக் கோடு தடையாக இருக்காது.

இதற்குக் கையில் இருக்கும் வழி, மனைப் பிரிவுக்கு அனுமதி கேட்டு வரும்போதே திட்டச் சாலையை அந்த வரைபடத்துக்குள் சேர்க்க வைத்து, தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதி வாங்குவது. இழப்பீட்டுச் செலவு இல்லாமல் அகலம் கிடைக்கும். தப்பு நடப்பது பக்கத்துப் பக்கத்து மனைப் பிரிவுகளில்: ஒன்றின் 30 அடி ரோடு மதில் சுவரில் முட்டி நிற்கும், அடுத்ததன் ரோடு நாற்பது அடி தள்ளித் தொடங்கும். நடுவில் பஸ் நுழையவே முடியாது. 12 மீட்டர் பஸ் திரும்ப வெளி வளைவுக்கு அதே 12 மீட்டர் அளவுக்கு ஆரம் வேணும்.

திட்டத்துக்கு ஆட்சேபம் எழுதப் போறவங்க புல எண், உட்பிரிவு, எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடம் மூன்றையும் திட்ட வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்து, எந்த இரண்டு மனைப் பிரிவுக்கு நடுவில் சாலை அறுந்து போகுதுன்னு அடியில் அளந்து எழுதுங்க. "எங்கள் பகுதிக்குச் சாலை வேணும்"னு மட்டும் எழுதின மனுவை வைத்துக்கொண்டு வரைபடத்தில் யாரும் எதையும் திருத்த முடியாது.