பழைய வாத்தியாரையும் வகுப்புத் தோழரையும் மறுபடி கண்டபோது: காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி நாட்கள்

பள்ளத்தூர்ப் பெண்:

பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி அன்று வரிசை எப்படி நகரும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு நடத்திய ஆசிரியர். முகத்தைப் பார்க்கும் முன்பே, பின்கழுத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிட்டது.

தேர்வுத்தாள் கொடுக்கும் நாளில் அவர் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கிப் பெயர்களை உரக்கப் படிப்பார். தேறாதவர் எழுந்து போய்த் தன் விடைத்தாளைத் தன் கையாலேயே இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, வகுப்பைப் பார்த்து நிற்க வேண்டும். நான் பல முறை கிழித்திருக்கிறேன். ஆனால் அதே மனிதர்தான், தேறாத பிள்ளைகளை மாலையில் பள்ளி வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, ஒரு காசு வாங்காமல், இருட்டும் வரை இயற்கணிதம் சொல்லிக் கொடுத்தார். இன்று கோயம்புத்தூரில் கணக்குத் தணிக்கை செய்து பிழைக்கிறேன் என்றால் அந்த வேப்பமரத்தடிதான் காரணம்.

வரிசையில் அவர் திரும்பி, என்னை யாரென்று அறியாமலேயே, ஒரு மருந்துக்கடை ரசீதை நீட்டினார். "அம்மா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை, இதுல மொத்தம் எவ்வளவு போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் வாசித்துச் சொன்னேன். பிறகு என் பெயரையும் ஊரையும் சொன்னேன். அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. "நீயாம்மா? கணக்குல நீ ஒரு தடவகூடத் தவறுனது இல்லையே" என்றார்.

அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டாரா, அல்லது எல்லாம் நினைவிருந்து எனக்காக அப்படிச் சொன்னாரா என்பது தெரியாமல் நான் தவிக்கிறேன். மறந்திருந்தால், அந்தத் தாள்களைக் கிழித்த வலியை நான் மட்டுமே சுமக்கிறேன் என்றாகிறது. இப்படி யாருக்காவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

கானாடுகாத்தான் மரவேலை:

எனக்கு ஆசிரியர் இல்லை, கூடப் படித்தவர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல் 15 வயதுப் பிள்ளைகள் வரை விரிவானது அல்லவா, அதில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வீட்டிலிருந்து சமையல்காரர் அடுக்குத் தூக்கில் சாப்பாடு கொண்டுவருவார். 1989இல் சத்துணவில் முட்டை வரத் தொடங்கிய பிறகு, அவன் என் முட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு தன் சோற்றையும் குழம்பையும் என் தட்டில் கொட்டிவிடுவான். அவன் வீட்டில் முட்டை புழங்குவதில்லை என்பதால் அவனுக்கு அது பெரிய பொருள். அந்த நட்பில் ஒரு குறையும் இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆனால் அவன் வீட்டில் என் இடம் முகப்புத் திண்ணையோடு முடிந்துவிடும். அவனுடைய அப்பத்தா பலகாரத்தை அங்கேயே கொண்டுவந்து தருவார்கள். அன்பாகத்தான் தருவார்கள், இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்றும் சொல்வார்கள். வாசல் நிலைக்கு அந்தப் பக்கம், முற்றத்தைச் சுற்றிய வளவும், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டும் இருப்பதை வெயில் விழும் கோட்டை வைத்துத்தான் அறிந்திருந்தேன். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலேயே எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் வளர்ந்த பிறகு உறுத்துகிறது.

சென்ற ஆண்டு அந்த வீட்டை இடித்துப் பிரிக்க முடிவாகி, பங்காளிகள் பலரும் கையெழுத்திட்ட பிறகு, மரத்துக்கு மதிப்புப் போட என்னை அழைத்தார்கள். அவன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டான். என் தோளில் கை போட்டபடியே நிலையைத் தாண்டி வளவுக்குள் அழைத்துப் போனான். பர்மாத் தேக்குத் தூண்கள் ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டிருந்தார்கள். தரையில் பாவிய ஆத்தங்குடிக் கல்லில் கால் வைத்தபோது அது எவ்வளவு குளிர்ச்சி என்பது முதன்முதலாக எனக்குத் தெரிந்தது. அப்போது அவன் சொன்னான்: "நாம ரெண்டு பேரும் இந்தத் தூணைச் சுத்தித்தானடா ஓடிப்பிடிச்சு விளையாடுவோம்."

பள்ளத்தூர் அக்கா, உங்கள் ஆசிரியர் சொன்னதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய நினைவில் நான் உள்ளே இருந்திருக்கிறேன். நான் அதை மறுத்துச் சொல்லவில்லை. தூணின் சுற்றளவை அளந்து எழுதிக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டுமோ என்ற எண்ணம் அந்த மரம் லாரியில் ஏறிப் போன பின்னும் போகவில்லை.

தேவகோட்டைக்காரன்:

பள்ளத்தூர்ச் சகோதரி எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு வகுப்பில் அறுபது பேரை வைத்துக்கொண்டு, குறைந்த சம்பளத்தில், வீட்டில் எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு தேற வைத்தவர்கள் அந்தக் காலத்து ஆசிரியர்கள். என் தந்தை ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்திச் சென்னையில் ஒரு கடைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தபோது, பிரம்பால் என் கையை வீங்க வைத்த அதே அறிவியல் ஆசிரியர், சித்திரை வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து, "இவனை அனுப்பினால் நான் இந்த வாசலை விட்டுப் போக மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவரைக் கண்டு காலில் விழுந்தேன். எனக்கு எந்தத் தவிப்பும் இல்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கணக்கு ஆசிரியரைத் தேடிப் போய் ஒரு முறை பாருங்கள். வரிசையில் நின்று பேசியது சந்திப்பு ஆகாது. முகவரி தெரியாவிட்டால் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால், ஆண்டு நேர்காணலுக்காகச் சார்நிலைக் கருவூலத்துக்கு வரும் மற்ற ஓய்வூதியர்களிடம் கேளுங்கள், ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்திருப்பார்கள். போகும் முன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். காலையில் போவது நல்லது. வயதானவர்கள் மதியத்துக்குப் பின் சோர்ந்துவிடுவார்கள். பழம் வாங்கிப் போகலாம். சர்க்கரை இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். கண் சரியில்லை என்கிறார் என்றால், காரைக்குடியிலோ மதுரையிலோ எந்த மருத்துவரிடம் காட்டுகிறார் என்று கேளுங்கள்; கண்புரை என்றால் சரிசெய்துவிடலாம், கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) என்றால் சொட்டு மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது. பழைய வகுப்புப் படம் இருந்தால் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுங்கள். தாள் கிழித்த பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். எண்பது வயதில் ஒருவரை விசாரணைக் கூண்டில் நிறுத்தி உங்களுக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை.

பள்ளத்தூர்ப் பெண்:

ஐயா, நான் அவரைக் குற்றவாளி என்று எழுதவில்லை. வேப்பமரத்தடியையும் சேர்த்துத்தான் எழுதினேன். நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எப்படிப் போய்ப் பார்ப்பது என்று நான் கேட்கவும் இல்லை. கண் மருத்துவம் பற்றிச் சொன்னதை மட்டும் அவர் மகனிடம் தெரிவித்துவிடுகிறேன்.

கல்லல் ஆசிரியை:

நான் இப்போது ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. தேவகோட்டை ஐயாவுக்காகவே எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பில் எங்கள் கரும்பலகையில் நாள்தோறும் திருக்குறள் எழுதும் பொறுப்பு என் தோழியிடம் இருந்தது. அவ்வளவு அழகான எழுத்து. நோட்டு வாங்கி வராததற்காக அவளை மூன்றாம் பாடவேளை மணி அடிக்கும் வரை வெயிலில் நிறுத்தினார்கள். மறுநாளும் நோட்டு இல்லை, மறுநாளும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. குறளை நான் எழுதத் தொடங்கினேன். எனக்கு அந்தப் பொறுப்பு கிடைத்ததில் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

அவளைச் சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடிச் சந்தையில் பார்த்தேன். கீரையும் மாங்காயும் விற்றுக்கொண்டிருந்தாள். நான் ஆசிரியை என்று அறிந்ததும், தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றாள். ஜூன் மாதம் வந்தாள். விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன் என்றதற்கு, "வேண்டாம், நானே எழுதுறேன்" என்று வாங்கிக்கொண்டாள். தாயின் கல்வி என்ற கட்டத்தில் ஏழு என்று எழுதினாள். எங்கள் அலுவலகத்தில் இருந்த அத்தனை ஆசிரியர்களின் எழுத்தையும்விட அந்த எழுத்து நன்றாக இருந்தது. தலைமையாசிரியர் தாளைத் தூக்கிப் பார்த்து, "யாரும்மா எழுதினது?" என்று கேட்டார்.

ஐயா, உங்களைத் தேடி ஆசிரியர் வந்தார். அவளைத் தேடி யாரும் வரவில்லை. அடியைத் தாங்கிக்கொண்டு படித்து முன்னேறியவர்கள்தாம் இங்கே எழுதுகிறோம். தாங்காமல் போனவர்கள் இங்கே இல்லை. அதனால்தான் அந்தக் காலத்து அடி எல்லோரையும் ஆளாக்கியது போல் நமக்குத் தோன்றுகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையை மட்டுமல்லாமல் மனத்தை வருத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. பிள்ளையே தன் தாளைக் கிழிப்பது அதற்குள் வரும். அறுபது பேர் என்றீர்கள். அதே சட்டம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்த ஆசிரியர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை நான் மறுக்கவில்லை, அதைப் பிள்ளைகள் சுமந்தார்கள் என்கிறேன்.

சிங்கப்பூர்க் கோட்டையூரான்:

ஆசிரியை சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. ழகரம் தவறினால் தொடையில் கிள்ளும் தமிழ் ஐயாவிடம் நான் படித்தேன். செய்யுள் ஒப்பித்தல் போட்டிக்கு என்னைத் தயாரித்து, அரும்பதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லி, காரைக்குடியில் மேடை ஏற்றியவர் அவர். இரு ஆண்டுகளுக்கு முன் பங்குனியில் ஊருக்கு வந்தபோது, காரைக்குடியில் 1939 முதல் நடந்துவரும் கம்பன் விழாவுக்குப் போனேன். கம்பன் மணிமண்டபத்தில் மூன்றாவது வரிசையில் ஐயா இருந்தார். மேடையில் பேசியவர் ஒரு சீரைத் தவறவிட்டார். ஐயாவின் கை அவருடைய மடியிலேயே, கிள்ளுவது போல ஒடுங்கியது. பாட்டின் மீது அவருக்கு இருந்த காதலும் அந்தக் கிள்ளலும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன என்று அன்றுதான் எனக்குப் பட்டது. அருகில் போய் வணங்கினேன். எந்த ஆண்டு மாணவன் என்று கேட்டார், சொன்னேன், அவ்வளவே.

என் மகளுக்கு அதே பாட்டுகளை இங்கே சொல்லித் தருகிறேன். கை ஓங்கியதில்லை, ஆனால் அவள் மூன்றாம் முறை தவறும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது, அவள் தோளைக் குறுக்கிக்கொள்கிறாள். ஆசிரியை அவர்களே, குரலை உயர்த்தாமல் மனப்பாடம் செய்விக்க வழி உண்டு என்றால் எழுதுங்கள்.

கல்லல் ஆசிரியை:

உண்டு. முதல் நாள் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். பாட்டை நீங்கள் பாடுங்கள், அவள் கேட்கட்டும். மறுநாள் ஓர் அடியை நீங்களும் அடுத்த அடியை அவளுமாக, தாளைப் பார்த்தே சொல்லுங்கள். மூன்றாம் நாள் நீங்கள் வேண்டுமென்றே ஒரு சீரை மாற்றிச் சொல்லுங்கள். அவள் பிடித்துவிடுவாள், பிடிக்கும்போதே அந்த அடி அவளிடம் நின்றுவிடும். தாளை அவளே மூடும் வரை நீங்கள் மூடாதீர்கள். ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், அவசரம் எதுவும் இல்லை.