அம்மாதான் விவசாயி, பட்டா அப்பா பெயரில். என்ன செய்வது?

பென்னாகரத்தான்:
எங்களுக்கு இரண்டரை ஏக்கர். அப்பா பெங்களூருவில் கட்டட வேலை, இருபது வருஷமாக ராகி, சாமை, ஊடே அவரை எல்லாமே அம்மா பாடுதான். ஏர் ஓட்ட மட்டும் ஆள் வைப்பார், பொம்பளை மேழி பிடிக்கக் கூடாதாம். இப்போது போர் போட்டிருக்கிறோம், தக்காளி வைக்கலாம் என்று சொட்டு நீர் மானியம் கேட்டால் பட்டாதாரரை வரச் சொல்லுங்கள் என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் காம்பியாவில், ஜஹாலி பச்சார் என்ற இடத்தில் 1984இல் பாசனத் திட்டம் வந்ததும், காலங்காலமாகப் பெண்கள் நெல் விளைவித்த சதுப்பு நிலம் ஆண்கள் கைக்குப் போனதாம். படித்ததிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. தண்ணீர் வந்த பிறகு அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடுமோ?

காரிமங்கலம்:
அப்பா சம்மதித்தால் அம்மா பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதியுங்கள், பட்டா மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் சிறு குறு விவசாயி சான்று வாங்குங்கள், ஐந்து ஏக்கருக்குள் என்றால் 100 சதவீத மானியம்.

ராயக்கோட்டை அக்கா:
பட்டா மட்டும் போதாது தம்பி. அதே காம்பியாவில் பிறகு நிறைய வயல்களைப் பெண்கள் பெயரிலேயே பதிந்தார்கள், ஆனால் 'மருவோ', அதாவது குடும்பத்து வயல் என்று சொல்லி விளைச்சலைக் குடும்பத் தலைவரே எடுத்துக்கொண்டார். பெண் தன் கைச்செலவுக்கு வைத்திருந்த 'கமன்யாங்கோ' வயல்தான் போனது. எனக்கும் பட்டா இருக்கிறது. விடியக்காலையில் பறித்து, செங்காய் தனியாகப் பழம் தனியாகப் பிரித்துப் பெட்டி அடுக்குவது நான், சோப்புப் போட்டாலும் விரலில் அந்தப் பச்சைக் கறை போகாது. மண்டிச் சீட்டும் பணமும் மட்டும் வீட்டுக்காரர் கையில். போன வருஷம் நானே மண்டிக்குப் போய் நின்று சீட்டை என் பெயரில் போடச் சொன்னேன். இப்போது அப்படித்தான் போடுகிறார்கள்.

ஊத்தங்கரை:
எத்தியோப்பியாவிலும் பெண்கள் ஏர் பிடிக்கக் கூடாது என்ற வழக்கம் உண்டு, ஆண் துணை இல்லாதவர்கள் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுகிறார்கள். ஆனால் அங்கே பல பகுதிகளில் நிலச் சான்றில் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரும் போடுகிறார்கள். கூட்டுப் பட்டாவாவது கேளுங்கள்.

பென்னாகரத்தான்:
சரிக்கா, சீட்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சாமை குத்திக்கொண்டிருந்தவர் உலக்கையை நிறுத்திவிட்டு, அந்தக் காம்பியா பொம்பளைங்க அப்புறம் என்ன பண்ணாங்க என்று கேட்டார்.

ராயக்கோட்டை அக்கா:
புருஷன் வயலில் சும்மா நட மாட்டோம் என்று பலர் நின்றுவிட்டார்கள். சில வீடுகளில் அந்த வேலைக்குக் கூலியை நெல்லாகக் கொடுத்தார்கள். கொடுக்காத வீட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்.